எட்டாத பழமா, வேண்டாத பழமா?

ஒரு விளையாட்டுக் கழகம் பெயர்பெற்ற வீரர் ஒருவரைத் தன்பக்கம் இழுக்க முயன்று, அவர் வேறோர் அணியில் சேர்ந்துவிட்டால், நடந்ததைச் சொல்வதற்கு அதற்கு இரண்டு வழிகள் உண்டு. "முயன்றோம், கிடைக்கவில்லை" என்று ஒப்புக்கொள்வது ஒன்று. "நாம் அவரை உண்மையில் விரும்பவேயில்லை" என்று சொல்வது மற்றையது. முதலாவது வழியில் கௌரவம் கொஞ்சம் குறையும். இரண்டாவதில் கௌரவம் தப்பிவிடும். உண்மை தப்புமா என்பதுதான் கேள்வி. திராட்சைக் குலையை எட்டிப் பிடிக்க முடியாமற்போன நரி, அந்தப் பழம் புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போன கதை நமக்கெல்லாம் சிறுவயதிலேயே தெரியும்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் இக்கதைக்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு கோடைகாலத்தில் நியூயோர்க் நிக்ஸ் அணி, கெவின் டியூரன்ட் என்ற வீரரைப் பெறுவதற்கு உண்மையாகவே முயன்றதா? ஆண்டுகள் பல கடந்த பின்னரும் இக்கேள்வி பேசப்படுவதற்குக் காரணம், அன்றிரவு வெளியான ஒரேயொரு செய்தி. அச்செய்தி பொய்யென்று நான் சொல்லவரவில்லை. ஆனால், உண்மையான ஒரு தகவலைக்கொண்டே வாசகரைப் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்ல முடியும் என்பதற்கு அதனைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

இவ்விளையாட்டின் வணிகமுறையை அறியாதவர்களுக்காகச் சில விளக்கங்கள். என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 அணிகள் உள்ளன. ஒப்பந்தக்காலம் முடிந்து, தாம் விரும்பும் அணியில் சேரும் உரிமையைப் பெற்றுவிடும் வீரரை 'ஃபிரீ ஏஜென்ட்' என்பார்கள். சுயாதீன வீரர் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீரர் சுதந்திரம் பெற்றுவிட்டார் என்பதற்காக எந்த அணியும் எவ்வளவு பணத்தையும் கொட்டிவிட முடியாது. ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2019-20 பருவகாலத்தில் அது ஏறத்தாழ 109 மில்லியன் டொலர். டியூரன்டைப் போன்ற மூத்த நட்சத்திரம் ஒருவர் அதில் 35 சதவீதம்வரை, அதாவது ஆண்டொன்றுக்கு 38 மில்லியன் டொலர்வரை, கோரமுடியும். ஆகவே அத்தகைய ஒருவரை வெளியிலிருந்து அழைத்துவர விரும்பும் அணி, முதலில் தன் சம்பளப் பட்டியலில் இடத்தை ஒதுக்கியாகவேண்டும். விருந்தாளி வருவதற்கு முன்னர் வீட்டில் அறையொன்றை ஒழித்துவைப்பதைப் போன்றது இது. ஓர் அணியின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அதன் அறிக்கைகளைவிட இந்த ஏற்பாடுகளிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

நிக்ஸ் அணி எப்படி அறையை ஒழித்தது என்று பார்ப்போம். அவ்வணியிடம் அப்போதிருந்த ஒரேயொரு பெரும் நட்சத்திரம், லத்வியா நாட்டைச் சேர்ந்த உயரமான இளைஞர் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ். 2018 பெப்ரவரியில் முழங்காலில் ஏற்பட்ட கடுமையான காயத்திலிருந்து அவர் தேறிக்கொண்டிருந்தார். 2019 ஜனவரி 31 ஆம் திகதி அவரை டலஸ் மெவரிக்ஸ் அணிக்குக் கைமாற்றினார்கள். அவருடன் நீண்டகால ஒப்பந்தச் சுமையைக் கொண்டிருந்த வேறு வீரர்களும் அனுப்பப்பட்டனர். பதிலாகக் கிடைத்தவர்களில் இருவரின் ஒப்பந்தம் சில மாதங்களிலேயே முடிவதாக இருந்தது. அவர்களுள் ஒருவரான டிஆன்ரே ஜோர்டான், டியூரன்டின் நெருங்கிய நண்பர். எதிர்காலப் புதுமுக வீரர் தெரிவுக்கான இரண்டு வாய்ப்புகளும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பெரும் நட்சத்திரங்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கக்கூடிய இடம் அந்த ஒரே நாளில் பிறந்தது.

போர்ஸிங்கிஸ்தான் தம்மை வேறிடத்துக்கு மாற்றுமாறு கேட்டார் என்று கழக நிர்வாகிகள் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் போக விரும்பினார் என்பதற்காக மட்டும் அந்த வடிவத்திலான கைமாற்றம் அவசியமாகிவிடாது. இளம் திறமைசாலிகளைப் பெற்றுக்கொண்டு நிதானமாக அணியைக் கட்டியெழுப்பவும் வழி இருந்தது. நிக்ஸ் தெரிவுசெய்தது வெற்றிடத்தை. வெற்றிடத்தை விலைகொடுத்து வாங்குபவர் அதில் யாரையோ குடியிருத்த நினைக்கிறார் என்றுதானே பொருள்?

யாரை என்பதும் இரகசியமாக இருக்கவில்லை. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடியும் வீரர்களுள் தலையாயவர் கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ் அணியின் டியூரன்ட். அவருடன் பொஸ்டன் அணியின் கைரி ஏர்விங்கின் பெயரும் அடிபட்டது. மார்ச் மாதத்தில் வானொலிப் பேட்டியொன்றில் நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலன், தங்களுக்குக் கிடைக்கும் தகவல்களின்படி வரும் கோடைகாலம் சுயாதீன வீரர்களைப் பெறுவதில் மிகவும் வெற்றிகரமானதாக அமையும் என்று நம்பிக்கை தெரிவித்தார். அப்போது அவருடைய அணி தோல்விமேல் தோல்வியாகச் சந்தித்துக்கொண்டிருந்தது. 82 ஆட்டங்களில் 17 வெற்றி, 65 தோல்வியென, சங்கத்திலேயே கடைசி இடத்தில் அந்தப் பருவம் முடிந்தது. ரசிகர்கள் அதனைப் பொறுத்துக்கொண்டார்கள். இந்த வறட்சி ஒரு மழைக்கு முன்னோடி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அந்த ரசிகர்களின் நிலையையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நிக்ஸ் கடைசியாக வாகை சூடியது 1973 இல். 2019 இல் அதற்கு வயது 46. அதே ஆண்டில் ஃபோர்ப்ஸ் சஞ்சிகை அவ்வணியின் பெறுமதியை 4 பில்லியன் டொலர் என மதிப்பிட்டு, சங்கத்தின் மிக விலையுயர்ந்த கழகமாக அதனை முதலிடத்தில் வைத்தது. கடைசி இடத்தில் ஆடும் அணி, விலையில் முதலிடத்தில் நிற்கிறது! மடிசன் ஸ்குவயார் கார்டன் அரங்கின் ஆசனங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் வாங்கியது அன்றைய ஆட்டத்தையல்ல, நாளைய நம்பிக்கையை. ஆகவே அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்று உண்மையாக அறியும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

மே மாதத்தில் முதல் அடி விழுந்தது. புதுமுக வீரர் தெரிவுக்கான சீட்டிழுப்பில் நிக்ஸுக்கு மூன்றாமிடமே கிடைத்தது. எல்லோரும் எதிர்பார்த்த சயன் வில்லியம்சன் நியூ ஓர்லியன்ஸ் அணிக்குப் போய்விட்டார். இரண்டாவது அடி ஜூன் 10 ஆம் திகதி ரொரன்ரோ நகரில் விழுந்தது. கெண்டைக்காற் காயத்திலிருந்து திரும்பி, இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் களமிறங்கிய டியூரன்டின் குதிகால் தசைநார் அறுந்தது. கூடைப்பந்தாட்ட வீரர்கள் மிகவும் அஞ்சும் காயம் அது. ஓராண்டு முழுவதும் அவரால் ஆடமுடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இருபது நாட்களின் பின்னர், ஜூன் 30 ஆம் திகதி மாலை 6 மணிக்கு, அணிகள் சுயாதீன வீரர்களுடன் சட்டப்படி பேச்சைத் தொடங்கும் நேரம் வந்தது. அந்த மணி அடிப்பதற்கு முன்னரே டியூரன்ட் புரூக்ளின் நெட்ஸ் அணிக்குச் செல்கிறார் என்ற செய்தி பரவிவிட்டது. அவருடைய நிறுவனத்தின் இன்ஸ்டகிராம் பக்கம் அதனை உறுதிசெய்தது. ஏர்விங்கும் அங்கேயே. டிஆன்ரே ஜோர்டானும் அங்கேயே. மடிசன் ஸ்குவயார் கார்டனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில், சில மைல் தூரத்திலுள்ள அணி அது.

அன்றிரவுதான் அந்தச் செய்தியும் வந்தது. ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் செய்தியாளர்கள் தங்களுக்கு அறியக்கிடைத்ததைச் சொன்னார்கள்: டியூரன்டின் காயம் குறித்த கவலையால், அவருக்கு உச்சபட்சச் சம்பளத்தை முழுமையாக வழங்க டோலனும் நிக்ஸ் நிர்வாகமும் ஆயத்தமாக இருக்கவில்லையாம். ஆறு மாதம் அறையை ஒழித்து, கோலம் போட்டு, வாசலில் காத்திருந்தவர்கள், விருந்தாளி அடுத்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு, "நாங்கள் அவருக்குச் சோறு போடுவதாக இருக்கவில்லை" என்றார்கள்.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு, "வட்டாரங்களிலிருந்து அறியவருகிறது" என்று முடியும் வாக்கியத்தைக் கண்டதும் மூன்று கேள்விகள் எழவேண்டும். இத்தகவல் யாரிடமிருந்து வந்திருக்கக்கூடும்? இதனால் யாருக்கு நன்மை? ஏன் இப்போது? மூலத்தின் பெயரை வெளியிடாமலிருப்பது செய்தியாளரின் கடமை. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பெயரை மறைக்கும் கடமை செய்தியாளருக்கு இருப்பதைப் போலவே, நோக்கத்தை ஊகிக்கும் உரிமை வாசகருக்கு உண்டு. அத்தகவலால் நன்மையடையக்கூடிய தரப்பு அன்று ஒன்றுதான் இருந்தது. டியூரன்டுக்கோ நெட்ஸுக்கோ அதனால் எந்த இலாபமும் இல்லை. மூலம் யாராக இருந்தாலும், அச்செய்தி காப்பாற்றியது நிக்ஸின் முகத்தை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அதே இரவில் நிக்ஸ் தலைவர் ஸ்ரீவ் மில்ஸ் தமது பெயரிலேயே ஓர் அறிக்கை விடுத்தார். ரசிகர்கள் சிலர் ஏமாற்றமடைந்திருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்வதாகவும், அணியை மீளக் கட்டியெழுப்பும் திட்டத்தில் தாங்கள் உறுதியாக இருப்பதாகவுமே அதிற் கூறியிருந்தார். "நாங்கள்தான் வேண்டாம் என்றோம்" என்ற சொல் அதில் இல்லை. பெயருடன் வந்த வாக்குமூலம் ஏமாற்றத்தைப் பேசுகிறது. பெயரில்லாமல் வந்த தகவல் நிராகரிப்பைப் பேசுகிறது. இரண்டும் முரண்படும்போது, கையொப்பம் உள்ளதையே நான் முதலில் நம்புவேன்.

டோலன் தயங்கியது உண்மையாகவே இருந்தாற்கூட அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முப்பது வயதைத் தாண்டிய வீரரின் அறுந்த தசைநாரை நம்பி 164 மில்லியன் டொலரை எழுதிக்கொடுப்பது சிறிய விடயமல்ல. 2013 இல் இதே காயத்துக்குள்ளான கோபி பிரயண்ட் பழைய கோபியாகத் திரும்பவேயில்லை. 1992 இல் காயமடைந்த டொமினிக் வில்கின்ஸ் மட்டும் முன்னைப்போலவே திரும்பிவந்தார். அத்தகைய கணக்கில் ஒருவர் பின்வாங்கினால் அதனை விவேகம் என்றே சொல்லலாம். அதனாற்றான் அச்செய்தி பொய்யென்று நான் சொல்லவில்லை. தயக்கம் இருந்திருக்கலாம். ஆனால் டியூரன்ட் நிக்ஸுக்கு வராததற்கு அத்தயக்கந்தான் காரணமா?

இல்லை என்பதே என் முடிவு. சட்டப்படி சம்பளம் பேசக்கூடிய முதல் நிமிடம் ஜூன் 30 மாலை 6 மணி. அந்நேரம் அவருடைய முடிவு உலகுக்கே தெரிந்துவிட்டது. வழங்குவதற்கான தருணமே வராத ஒன்றை "வழங்க ஆயத்தமாக இருக்கவில்லை" என்று சொல்வதில் என்ன பொருள்? பெண் கேட்டுப் போகாதவர், தாம் சீதனத்தை ஏற்கவில்லை என்று பெருமை பேசுவதைப் போன்றது அது. அதே காயத்தை மற்றவர்களும் பார்த்தார்கள். கோல்டன் ஸ்டேட் அணி ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 221 மில்லியன் டொலர் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தது. நெட்ஸ், அவர் முதலாண்டில் ஆடமாட்டார் என்று தெரிந்துகொண்டே நான்காண்டுக்கு முழுத்தொகையையும் கொடுத்தது. காசு குறைந்த இடத்தை அவர் தவிர்த்தார் என்றாற்கூட ஓரளவு ஏற்கலாம். ஆனால் மிகக்கூடிய காசு கிடைக்கக்கூடிய கோல்டன் ஸ்டேட்டையே விட்டுவந்தவர் அவர்.

டியூரன்டின் சொந்த வாயிலிருந்தும் விளக்கம் வந்தது. 2019 ஒக்டோபரில் நியூயோர்க் வானொலியொன்றில் பேசியபோது, நிக்ஸ் என்ற பெயருக்கு இன்றைய இளம் வீரர்களிடையே பழைய கவர்ச்சி இல்லையென்றும், அவ்வணி சிறப்பாக ஆடியதை அவர்களுடைய தலைமுறை கண்டதில்லையென்றும் அவர் சொன்னார். நிக்ஸைப் பற்றி ஓர் எண்ணம் வந்துபோனதேயன்றி, அதனைத் தீவிரமாக ஆராயவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். நிக்ஸ் காயத்துக்குப் பயந்ததோ இல்லையோ, அவர் மனத்தில் அவ்வணி போட்டியிலேயே இருக்கவில்லை. கழகமொன்றின் கௌரவத்துக்கு இது "முயன்று தோற்றோம்" என்பதைவிடக் கசப்பான செய்தி. அதனை மறைக்கத்தான் "நாங்கள் விரும்பவில்லை" என்ற போர்வை தேவைப்பட்டது போலும்.

ஆக, நிக்ஸ் உண்மையாக முயன்றதா? ஆசைப்பட்டது, அதற்கு ஆதாரம் போர்ஸிங்கிஸ் கைமாற்றம். ஆயத்தப்பட்டது, அதற்கு ஆதாரம் காலியாக்கப்பட்ட சம்பளப் பட்டியல். ஆனால் ஆசையும் ஆயத்தமும் முயற்சியாகிவிடா. ஒருவர் வந்து சேரத்தக்க இடமாகத் தன்னை ஆக்கிக்கொள்வதுதான் முயற்சி. நெட்ஸ் அதனைச் செய்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் சங்கத்தின் அடிமட்டத்தில் கிடந்த அவ்வணி, 2018-19 இல் 42 ஆட்டங்களை வென்று அடுத்த சுற்றுக்குத் தகுதிபெற்றது. டியூரன்ட் காயமடைவதற்குச் சில நாட்கள் முன்னர், அலன் கிராப் என்ற வீரரின் சம்பளச் சுமையை இறக்குவதற்காகப் புதுமுகத் தெரிவு வாய்ப்புகள் இரண்டை அற்லான்ரா அணிக்குக் கொடுக்கவும் இணங்கியது. நிக்ஸோ தோற்றுக்கொண்டே காத்திருந்தது.

இதற்கு முன்னரும் நிக்ஸ் இப்படி ஏமாந்ததுண்டு. 2010 இல் லெப்ரோன் ஜேம்ஸுக்காக நெடுங்காலம் சம்பளப் பட்டியலைச் சுருக்கிவைத்திருந்தார்கள். ஜூலை முதலாம் திகதி டோலன் உட்பட ஒரு தூதுக்குழுவே கிளீவ்லன்ட் நகருக்குச் சென்று அவரைச் சந்தித்தது. ஒரு வாரத்தின் பின்னர் அவர் மியாமி அணிக்குச் செல்வதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். நிக்ஸ் தோற்றது, ஆனால் அதன் முயற்சியை யாரும் சந்தேகிக்கவில்லை. "நாங்கள் அவரை விரும்பவில்லை" என்ற பேச்சுக்கு அன்று இடமே இருக்கவில்லை.

முயற்சி எப்படி இருக்கும் என்பதற்கு அதே நிக்ஸ் 2022 இல் இன்னோர் உதாரணத்தைத் தந்தது. மில்ஸ் 2020 பெப்ரவரியில் பதவியிழந்தார். வீரர்களின் முகவராக இருந்த லியோன் றோஸ் தலைவரானார். டலஸ் அணியின் ஜேலன் பிரன்சன் மீது அவர்கள் கண்வைத்தார்கள். பிரன்சனின் தந்தையைப் பயிற்றுநர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பிரன்சன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கத் தலைவரே நேரில் சென்று முன்வரிசையில் அமர்ந்தார். சம்பளச் சுமைகளை டெட்ரொயிட் அணியின் தலையில் இறக்கினார்கள். இறுதியில் நான்காண்டுக்கு 104 மில்லியன் டொலருக்கு அவர் வந்துசேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில், குறித்த நேரத்துக்கு முன்னதாகவே பேச்சு நடத்தியதற்காகச் சங்கம் நிக்ஸின் 2025 ஆம் ஆண்டு இரண்டாம் சுற்றுத் தெரிவைப் பறித்துத் தண்டித்தது. விதியை மீறியதை நான் மெச்சவில்லை. ஆனால் ஓர் அணி ஒரு வீரரை உண்மையாகவே துரத்தியது என்பதற்கு அத்தண்டனையைவிடச் சிறந்த சான்றிதழ் வேறென்ன வேண்டும்? 2025 இல் பிரன்சனின் தலைமையில் நிக்ஸ், 2000 ஆம் ஆண்டுக்குப் பின்னர் முதன்முறையாகக் கிழக்குப் பிராந்திய இறுதிச்சுற்றை எட்டியது.

இவ்விடத்தில் சிலர் ஒரு வாதத்தை முன்வைப்பார்கள். டியூரன்டும் ஏர்விங்கும் சேர்ந்திருந்த காலத்தில் நெட்ஸ் வென்றது ஒரேயொரு பிளேஓஃப் தொடரை மட்டும். 2023 பெப்ரவரியில் இருவருமே வெவ்வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே நிக்ஸ் செய்தது சரிதானே என்பது அவர்களின் கேள்வி. விளைவைக்கொண்டு நோக்கத்தை நிரூபிக்கும் இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. தப்பிப்பிழைத்தவர் எல்லோரும் முன்கூட்டியே ஆபத்தை அறிந்தவர் அல்லர். மேலும், அன்றிரவு சொல்லப்பட்ட காரணம் காயம். அந்தக் காயத்திலிருந்து டியூரன்ட் மிக நன்றாகவே தேறினார். 2021-22 பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 29.9 புள்ளிகள் எடுத்தார். 2024 இல் பாரிஸில் நான்காவது ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். நெட்ஸ் சரிந்தது அவருடைய குதிகாலினால் அல்ல. ஏர்விங் கொவிட் தடுப்பூசியை மறுத்து உள்ளூர் ஆட்டங்களை இழந்ததும், ஜேம்ஸ் ஹார்டன் இடைநடுவில் விலகியதும் போன்ற வேறு காரணங்களினால். சொன்ன காரணம் பிழைத்து, சொல்லாத காரணங்களால் நன்மை விளைந்திருந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம், தீர்க்கதரிசனம் அன்று.

அந்த நள்ளிரவுச் செய்தியால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். தோல்வியை ஒப்புக்கொள்ளும் நிறுவனந்தான் ஏன் தோற்றோம் என்று தன்னையே கேட்கும். "நாங்கள் விரும்பவில்லை" என்று சொல்லிவிட்டால் அக்கேள்வி எழாது. அந்தக் கோடையில் நிக்ஸ் செய்ததைப் பாருங்கள். ஜூலியஸ் ரண்டில், பொபி போர்ட்டிஸ், டாஜ் கிப்சன், மார்க்கஸ் மொறிஸ் என்று ஏறத்தாழ ஒரே நிலையில் ஆடும் நான்கு முன்கள வீரர்களை வாங்கிக் குவித்தது. வேண்டாமென்று தீர்மானித்தவரின் மாற்றுத்திட்டமாக அது தெரியவில்லை. சந்தையில் கேட்டது கிடைக்காமல், வெறுங்கையுடன் வீடு திரும்ப வெட்கப்பட்டவரின் கூடையாகவே தெரிந்தது.

செய்தியாளர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. கிடைத்த தகவலைச் சொல்வது சரி. அத்தகவல் எந்த நேரத்தில், யாருக்குச் சாதகமாக வருகிறது என்பதையும் அதே செய்தியில் ஒரு வரியேனும் சொல்லிவைத்தால் வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார். எந்த நிறுவனமாயினும், ஒன்றை இழந்த பிறகு "அது எமக்கு வேண்டியிருக்கவில்லை" என்று கூறினால், அன்றைய பேச்சை ஒருபுறம் வைத்துவிட்டு, முந்திய ஆறு மாதங்களில் அது என்ன செய்தது என்று பாருங்கள். நிக்ஸின் அந்த ஆறு மாதங்கள், டியூரன்டை அது மிகவும் விரும்பியது என்றே சொல்கின்றன. அவருக்குத்தான் நிக்ஸ் வேண்டியிருக்கவில்லை.